காகிதத்திலிருந்து இறங்கிய கப்பித்தான்

தெல்ஃபினா கபாஸ்ஸோ கட்டிக்கொண்ட புருஷன் காகிதத்திலிருந்து இறங்கி வந்தவன். மலை நெருப்பைக் கக்கி நேப்பிள்ஸ் நகரத்துக் கூரைகளெல்லாம் சாம்பலாய்க் கிடந்ததே, அதற்கு மறுவருஷம், தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் திருவிழா முடிய ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் புத்தகக்கடைத் தெருவில் பட்டப்பகலில் இது நடந்தது. தெருவில் பாதிப் பேர் பார்த்தோம். அன்றைக்கு மாவு விலை ஏறியிருந்ததால் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே இருந்தது. ஆனாலும் அவன் போட்டிருந்த காலுறையின் நிறம் முதற்கொண்டு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நிறம் என்று ஒன்றும் இல்லை, கறுப்புக் கோடும் வெள்ளையும்தான்.

தெல்ஃபினாவின் அப்பா செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடித்து விற்றவர். மலையின் சாம்பல் நெஞ்சில் இறங்கி அவர் போய்ச் சேர்ந்தபின் அச்சு உருளையும் திராவகத் தொட்டியும், உருளையைச் சுற்றுகிற மாசே என்ற ஆளும் அவளுக்கு வந்து சேர்ந்தார்கள். மாசேக்கு அவள்மேல் ஒரு ஆசை இருந்தது. அவள் அவனை முதன்முதலாக ‘அண்ணே’ என்று கூப்பிட்ட அன்றே அந்த ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். மடித்து வைத்ததை அவன் தூக்கி எறியவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் தனியாகச் செய்த முதல் தகடு, கோட்டைச் சதுக்கத்தில் கூத்தாடுகிறவர்களின் படம். மெழுகு பூசிய செம்பில் ஊசியால் கீறினாள். பலகை மேடை, முழங்காலுக்குக் கீழே காலுறை நழுவிய கஞ்சக் கிழவன், இடுப்பை ஒடித்துக் குனியும் வேலைக்காரர்கள், தாம்பூரின் என்கிற சலங்கைப் பறையை அடித்தபடி ஆடுகிற ஒருத்தி. பின்னால் எறும்பளவு ஜனக்கூட்டம், அதற்குள் ஒருவன் பொய்க்காலில் நடந்துகொண்டிருந்தான். எல்லோரையும் சதுக்கத்தில் நேரில் பார்த்து வரைந்தாள், ஆடுகிறவளின் எதிரே நிற்க வேண்டிய படைத்தலைவனான கப்பித்தானைத் தவிர. வாள் சுழற்றி வாய்ச்சவடால் அடித்துவிட்டு, யாராவது தும்மினால் ஓடி ஒளிகிற அந்தக் கப்பித்தான் வேஷத்துக்குச் சதுக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருவனுக்குத் தொப்பை, ஒருவன் மேல் பூண்டு வாடை. அதனால் தன் மனசுக்குப் பிடித்தபடி ஒருவனைத் தானே போட்டாள். திரண்ட கெண்டைக்கால், சிறுத்த இடை, இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை, குறும்புக் கண், தொப்பியில் நீண்ட இறகு. தைரியத்தை மட்டும் ஊசியால் எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, வேஷத்துக்கு அது தேவையும் இல்லை.

ஒரு தப்பும் செய்தாள். செம்பில் வலது பக்கம் போட்டது காகிதத்தில் இடது பக்கம் விழும் என்பது இந்தத் தொழிலில் பால்குடி மறந்தவுடன் கற்றுக்கொடுக்கிற பாடம். மற்ற எல்லோரையும் திருப்பித்தான் வரைந்தாள். இவனை மட்டும் ரசித்து ரசித்து வரைந்ததில் திருப்ப மறந்துபோனாள். அச்சடித்துப் பார்த்தால் அவனுக்கு வாள் வலது இடுப்பில் தொங்கியது, உருவுகிற கை இடது கையாக இருந்தது. தெல்ஃபினா தலையில் அடித்துக்கொண்டு அந்த முதல் தாளைக் கொடியில் காயப்போட்டாள். அதிலிருந்துதான் அவன் இறங்கினான். இறகிலிருந்த ஈரத்தை உதறினான், ஒரு காலை மேசைமேல் வைத்தான், மறு காலை முக்காலியில் வைத்தான், தரையைத் தொட்டபோது முழு ஆளாக இருந்தான். தாளில் அவன் நின்ற இடம் வெள்ளையாகக் கிடந்தது. மாசே அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது வீணாப்போச்சு தெல்ஃபினா” என்று கழிவுத் தாள்களோடு சேர்த்துவிட்டான். தகட்டில் கப்பித்தான் இருந்தபடியே இருந்தான். அடுத்தடுத்து அடித்த தாள்களிலும் ஒழுங்காக விழுந்தான். இறங்கியவன் ஒருவன்தான், அது போதும் என்று ஆகிவிட்டது.

அவன் பெயர் கப்பித்தான் ஸ்பக்கநூவொலா. எங்கள் பேச்சில் மேகம் பிளந்தவன் என்று அர்த்தம். அப்படித்தான் தகட்டின் அடியில் அவள் எழுதியிருந்தாள். தெரு அவனை வெறும் கப்பித்தான் என்றே கூப்பிட்டது. வந்த மறுநாளே துருக்கிக்காரன் கப்பல்களைத் தான் ஒற்றை ஆளாக மூழ்கடித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். எதிரே மீன் பொரித்து விற்கும் பொப்பா, கரண்டியை ஆட்டிக்கொண்டே கேட்டாள்: “ஏன்யா கப்பித்தான், நேத்துதானே பொறந்த? எப்ப போய் எப்ப மூழ்கடிச்ச?”

“காலையில போனேன் பொப்பாக்கா. மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சுது.”

“சரி சரி, வாயத் தொற, ஒரு துண்டு தின்னுட்டுப் பேசு.”

கல்யாணத்துக்குப் பங்குச்சாமி தோன் அஸ்கானியோ ஒப்புக்கொள்வாரா என்பதுதான் தெருவின் கவலை. எங்கே ஞானஸ்நானம் வாங்கினாய் என்று சாமி கேட்டதற்கு, மால்ட்டாவில், போர்க்கப்பலின் மேல்தளத்தில், பீரங்கிகள் முழங்க என்று கப்பித்தான் பதில் சொன்னான். சாமி பெருமூச்சு விட்டுவிட்டு, ‘நீ இதற்குமுன் பெறாதவனாக இருந்தால்’ என்று திருச்சபை இம்மாதிரி ஆட்களுக்காக வைத்திருக்கிற வாசகத்தைச் சொல்லி அவன் தலையில் தண்ணீர் ஊற்றினார். காகிதம் கரைந்துவிடுமோ என்று நாங்கள் பயந்தோம். அச்சுக் காகிதத்தை நனைத்துத்தான் உருளைக்கடியில் விடுவார்கள் என்பதை மறந்துவிட்டோம். ஈரம் பட்டதும் அவன் முகம் பூரித்தது. கல்யாணமும் நடந்தது. அதன்பிறகு மழைநாளில் அவன் ராஜா. ஆப்பிரிக்காப் பக்கமிருந்து சூடான காற்று அடிக்கும் நாட்களில்தான் ஓரங்கள் சுருண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான், தெல்ஃபினா ஈரத் துணியால் தடவிக்கொடுப்பாள். அவளுக்கு அவன்மேல் உயிர். அதை அவள் மறைத்ததும் இல்லை.

சில வருஷங்கள் நன்றாகப் போயின. கூத்தாடிகள் படம் ரோமுக்கும் ஜெனோவாவுக்கும் போனது, பாதிரிமார்கூடச் சட்டைக்குள் மறைத்து வாங்கிப் போனார்கள். பிறகு ஒருநாள் கப்பித்தானின் தொப்பி இறகு மங்கலாகத் தெரிந்தது. அடுத்த பனிக்காலத்தில் மீசை நுனிகள் இல்லை. கழுத்துப் பட்டியின் சரிகை வேலை போய்விட்டது. அவன் சோப்பைக் குறை சொன்னான். தெல்ஃபினாவுக்கு உடனே தெரிந்துவிட்டது, தெரியாததுபோல் கொஞ்ச நாள் இருந்தாள். ஒவ்வொரு தாளுக்கும் மை தடவித் துடைத்து உருளைக்கடியில் விட, செம்பு தேயும். மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். தகட்டில் போவது அவனிடமும் போனது.

உடனே அச்சை நிறுத்தினாள். தகட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். ஒரு மாதத்தில் செம்பில் பச்சை பிடித்தது, கப்பித்தானுக்கு முழங்கைகள் பச்சையாகி மடங்க மறுத்தன. ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்து துருக்கியர்களைத் திட்டினான். எடுத்து எண்ணெய் போட்டு நாலு தாள் அடித்ததும் சரியானான், ஆனால் நாலு தாள் அளவுக்குத் தேய்ந்தும் போனான். அடித்தால் தேய்வான், அடிக்காவிட்டால் விறைப்பான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல் ஆனது அவள் பிழைப்பு. அதனால் கணக்குப் பார்த்து, விறைக்காத அளவுக்கு மட்டும் அடிப்பது என்று வைத்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் பொஸ்ஸூவொலியில் அவள் தங்கைக்குப் பிரசவம். தெல்ஃபினா போய்ச் சில வாரம் இருக்கவேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு வியாபாரி வந்து, திருவிழாச் சந்தைக்குக் கட்டுக்கட்டாக வேண்டும் என்றார். மாசே கெட்டவன் இல்லை. கடையின் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தான். மடித்து வைத்திருந்த அந்தப் பழைய ஆசையும் அவன் தோளைக் கொஞ்சம் தள்ளியிருக்கலாம், அதை யார் கண்டார்கள். விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை உருளையைச் சுற்றினான். தெல்ஃபினா திரும்பி வந்தபோது கப்பித்தான் சன்னல் ஓரம் நின்றிருந்தான். அவன் நெஞ்சு வழியாக எதிர்வீட்டுக் கொடியில் உலரும் சட்டைகள் தெரிந்தன. பேச வாயைத் திறந்தான், கொசு அளவு சத்தம் வந்தது.

“ஏன் மாசே அண்ணே இப்படிப் பண்ணீங்க?”

“நான் தகட்டத்தான் பாத்தேன் தெல்ஃபினா. ஆளப் பாக்கல. சத்தியமா பாக்கல.”

“பக்கத்துலதானே நின்னுட்டிருந்தாரு.”

அன்று முதல் உருளையைத் தொடும் முன் கப்பித்தானிடம் போய் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வருவது மாசேயின் வழக்கமாயிற்று.

அவள் உளியை எடுத்தாள். தேய்ந்த கோடுகளை ஒவ்வொன்றாக மறுபடி ஆழமாக வெட்டினாள். கப்பித்தான் திரும்பி வந்தான், ஆனால் உளியால் வெட்டிய ஆளாக வந்தான். ஊசியின் ஓட்டம் வேறு, உளியின் அழுத்தம் வேறு. மூக்கு தடித்துவிட்டது, குரல் பீப்பாய்க்குள் இருந்து பேசுவதுபோல் ஆனது. ஒரு புருவத்தை அவள் கொஞ்சம் சரிவாக வெட்டிவிட்டதால் வசந்தகாலம் முழுக்க அவன் யாரிடமோ கோபமாக இருப்பதுபோலவே இருந்தான், பொப்பாகூட மீனைத் தள்ளி வைத்தே கொடுத்தாள். மறுவருஷம் மறுபடி வெட்டவேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் குறைவாகச் சிரித்தான். இப்படியே போனால் கடைசியில் என்னிடம் இருப்பது என் உளியின் வேலைதான், அவர் இல்லை என்று தெல்ஃபினா பொப்பாவிடம் சொல்லி அழுதாள். புருஷனை இழப்பது ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே மாற்றி எழுதுவது இன்னொன்று. இரண்டாவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்படி ஒரு தடவை வெட்டும்போது செம்பைச் சுரண்டும் கத்தியான சுரண்டி கை நழுவி, தகட்டில் அவன் சட்டையின் ஒரு பித்தானை வழித்துக்கொண்டு போய்விட்டது. செம்பு அந்த இடத்தில் வழுவழுவென்று ஆகிவிட்டது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டையில் பித்தான் அப்படியே இருந்தது. கோடைகாலம் முழுவதும் அந்தப் பித்தானையே கவனித்தாள். பக்கத்துப் பித்தான்கள் மங்கின, சட்டை மங்கியது. அந்த ஒன்று மட்டும் மங்கவில்லை. வெயிலில் லேசாக மஞ்சள்கூடத் தட்டியது. கறுப்பும் வெள்ளையும் தவிர அவன் உடம்பில் எதுவும் இருந்ததில்லை. மாசேயைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் நெடுநேரம் பித்தானைப் பார்த்தபடி நின்றார்கள். கப்பித்தான் தன் மார்பை ரசிக்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து நின்றான்.

“தகட்ட விட்டுப் போனது தேயல” என்றாள் தெல்ஃபினா.

“அது பித்தான். இவரு மனுஷன்” என்றான் மாசே.

“தெரியும் அண்ணே.”

தகட்டிலிருந்து அவனை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுவது என்பதுதான் அவள் யோசனை. பித்தான் மாதிரி பிழைத்தால் பிழைத்தான், இல்லாவிட்டால் ஒரு மத்தியானத்தில் புருஷன் இல்லை. இதை அவனிடம் எடுத்துச் சொன்னாள். கப்பித்தான் மிகவும் கம்பீரமாகக் கேட்டான், வாளைத் தட்டிக்கொண்டான், இதைவிடப் பெரிய ஆபத்துகளைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னான். பிறகு மூக்குப்பொடி வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, நேராகத் துறைமுகத்துக்கு ஓடினான். மெஸ்ஸீனாவுக்குப் போகும் கப்பலில் ஏறப் பார்த்திருக்கிறான். உடம்பில் கனமே இல்லாத சமயம். ஏணிப்படியில் கால் வைக்கையில் காற்று அவனைத் தூக்கிப் பாய்மரக் கயிற்றில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. சாந்தா லுச்சியா கரையின் மீனவர்கள் இரண்டு பேர் அவனை இறக்கி, சுருட்டி, பறக்காமல் இருக்க நடுவில் நூல் கட்டிக் கொண்டுவந்து பொப்பாவிடம் கொடுத்தார்கள். கூடை எடுத்து வரும் ஆட்கள் பேசுகிற சாதாரணக் குரலில், “ஒங்க தெரு சாமான் ஒண்ணு கப்பல்ல தொங்கிட்டிருந்துச்சு” என்றார்கள். பொப்பா நூலை அவிழ்த்து, தண்ணீர் தெளித்து நிமிர்த்தி, வீடுவரை கைபிடித்துக் கூட்டிப்போனாள். வழியில் யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்கிற மாதிரி அவன் முகம் இல்லை.

வேலை மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக மேசைமேல் விழும்போது தொடங்கியது. கதவு திறந்தே இருந்தது. நாங்கள் வாசலில் நின்றோம். தெல்ஃபினா சுரண்டியைக் கல்லில் தீட்டினாள். கப்பித்தான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“வலிக்குமா?”

“தெரியலங்க. நான் தகடு இல்லையே.”

“மொதல்ல எதை எடுக்கப்போற?”

“எறகுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு. அது எப்படியும் பாதி போயிடுச்சு.”

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். “வேணாம். கால்லேர்ந்து ஆரம்பி.”

“ஏன்?”

“கால் இருந்தா ஓடிருவேன் தெல்ஃபினா. எனக்கு என்னைத் தெரியும். மொதல்ல அத எடுத்துரு. அப்புறம் மத்தது.”

அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான் என்று எங்கள் தெரு இன்றைக்கும் சொல்கிறது. தெல்ஃபினா சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள், ஏனென்றால் வெளிச்சம் யாருக்காகவும் நிற்காது. கெண்டைக்கால்களைச் சுரண்டினாள். நாற்காலியில் அவன் கால்கள் ஒருகணம் புகையாய் வெளுத்தன. அவன் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான், எழுந்திருக்கவில்லை. இடுப்பு, கை, வாள், தோள் என்று ஒவ்வொன்றாய்ப் போனது. சுரண்டிய இடம் பள்ளமாகக் கிடக்குமே, அதை மேலே கொண்டுவர மாசே தகட்டைக் குப்புறப் போட்டுப் பின்பக்கம் சுத்தியலால் தட்டினான். கண்ணீர் ஒழுக ஒழுகத் தட்டினான், ஆனால் ஒரு அடிகூடப் பிசகவில்லை. முகத்தைக் கடைசியாக எடுத்தாள். புருவத்தை எடுத்தாள், மூக்கை எடுத்தாள், கண்களுக்கு வந்ததும் திரும்பி அவனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மெருகுக்கோலில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். தகட்டில் ஆடுகிறவளின் எதிரே கண்ணாடி மாதிரி ஒரு வெற்றிடம் ஆனது.

கப்பித்தான் தும்மினான். செப்புத்தூள் மூக்கில் போயிருக்கிறது. தும்மல் சத்தத்துக்கு அவனே பயந்து எழுந்து கதவு மறைவுக்கு ஓடினான், ஓடிய கால்கள் தரையில் தொம்தொம்மென்று கனமாக விழுந்தன. தெல்ஃபினா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. பொப்பா சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள், மீன் கருகிக்கொண்டிருந்தது.

அதன்பின் கூத்தாடிகள் படத்தில் ஆடுகிறவள் வெறும் காற்றுக்கு முன்னால்தான் ஆடுகிறாள். வாங்குகிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. கப்பித்தான் இப்போதுதான் ஓடிப்போயிருக்கிறான் என்று நினைத்து முன்னைவிட அதிகமாகச் சிரித்து வாங்கினார்கள். மாசே எவ்வளவு வேண்டுமானாலும் உருளையைச் சுற்றலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. கப்பித்தானுக்கோ கன்னத்தில் சிவப்பும் சட்டையில் நீலமும் ஏறின. இடது கைப் பழக்கம் மட்டும் போகவில்லை. காய்ச்சல் வந்தது, பல்வலி வந்தது, இரண்டையும் துருக்கியரின் சதி என்றான். மார்கழி மாதத்தில் தலையில் ஒரு நரைமுடி தெரிந்தது. அதைப் பிடுங்க விடாமல் தெரு முழுக்கக் குனிந்து குனிந்து காட்டினான்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. வருஷா வருஷம் தோன் அஸ்கானியோ சாமி இவன் நெற்றியில் சாம்பலைத் தொட்டு வைத்துவிட்டு, மற்ற எல்லோரிடமும் சொல்கிற வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுவார். கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த காகிதத்திடம் பீடத்தின் முன் நின்று பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அன்று காலையில் கப்பித்தான் சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டிருந்தான். வரிசையில் அவன் முறை வந்ததும் சாமி அந்த வெட்டைப் பார்த்தார். ரத்தம் சிவப்பாக உறைந்திருந்தது. விரலைச் சாம்பலில் நன்றாக அமுக்கி, அவன் நெற்றியில் சிலுவையாக இழுத்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்.” பின்னால் நின்ற தெல்ஃபினா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோயிலை விட்டு வந்தவன் நெற்றியைத் துடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கினான். மார்பை நிமிர்த்திக்கொண்டு, இதுவரை எந்தச் சண்டையைப் பற்றியும் பேசாத பெருமையோடு சொன்னான்: “கேட்டீங்களா, நானும் சாவேன். சாமியே சொல்லிட்டாரு.” கடைக்காரர்கள் கை கொடுத்தார்கள். அவன் பின்னாலேயே தெல்ஃபினா வந்துகொண்டிருந்தாள். “அதுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல” என்றாள் அவள், “மொதல்ல வீட்டுக்கு வாங்க, பயறு வெந்திருக்கும்.”